நெதர்லாந்து: கடலும் எரிவாயுவும், கேள்வி பதில்

கேள்வி: கடல் மட்டம் உயர்ந்தால் நெதர்லாந்து முழுசா மூழ்கிடுமா சார்?

பதில்: முழுசா இல்லை. நாட்டில் கால் பங்குக்குச் சற்று அதிகமான நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1953 வெள்ளத்தில் 1,836 பேர் இறந்த பிறகு, கடல் வெள்ளத்தை மறிக்கும் டெல்டா தடுப்புகளைக் கட்டினார்கள். துறைமுக நகரமான ராட்டர்டாமைக் காக்கும் ராட்சதக் கதவுகள் 1997இல் வந்தன. கடல் பக்கம் காவல் பலம்தான். என் கவலை உள்பக்கம்.

கேள்வி: உள்பக்கம் என்ன ஆபத்து?

பதில்: மேற்கிலும் வடக்கிலும் பல மேய்ச்சல் நிலங்கள், பாதி மக்கிய செடிகொடிகளால் ஆன சதுப்பு மண். மாடு மேய ஈரம் ஆகாது என்று நிலத்தடி நீரை இறைத்துக் குறைக்கிறார்கள். காற்றுப் பட்டதும் மண் மக்குகிறது, கரியமில வாயு கிளம்புகிறது, தரை தாழ்கிறது. தாழ்ந்த தரையில் மறுபடி நீர் ஊறும், மறுபடி இறைப்பார்கள். நூற்றாண்டுகளாக இதே கதை. வறட்சி வந்தால் இன்னும் மோசம். 2003 கோடையில் வில்னிஸ் என்ற ஊரில், இதே மண்ணால் ஆன கால்வாய்க் கரை காய்ந்து எடை குறைந்தது. தண்ணீர் அதைத் தள்ளிவிட்டது. மழையே இல்லாமல் தெருவெல்லாம் வெள்ளம்!

கேள்வி: சொந்த எரிவாயு (கேஸ்) இருந்தும் ஏன் கைவிட்டார்கள்?

பதில்: 1959இல் வடக்கே குரோனிங்கன் மாகாணத்தில் மண்ணுக்கடியில் பெரிய எரிவாயு இருப்பு கிடைத்தது. நாடு முழுக்க வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். எடுக்க எடுக்க அடியில் பாறை அமுங்கி நிலம் அதிர ஆரம்பித்தது. 2012இல் வந்தது 3.6 ரிக்டர். எண்ணைப் பார்த்துச் சாதாரணம் என்று நினைக்காதீர்கள். ஆழம் குறைவு என்பதால் வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன. 2023 அக்டோபரில் உற்பத்தி நின்றது, 2024இல் சட்டம் போட்டே மூடினார்கள். பருவநிலையைவிட அந்த விரிசல்கள்தான் அரசை அசைத்தன என்பது என் கணிப்பு. புது வீடுகளுக்கு 2018 ஜூலையிலிருந்தே, விதிவிலக்கு தவிர, கேஸ் இணைப்பு கிடையாது.

கேள்வி: நீதிமன்றமே அரசைக் கண்டித்ததாமே?

பதில்: ஆமாம், உர்கெண்டா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட வழக்கு. 2020க்குள் பசுமைக்குடில் வாயு உமிழ்வை 1990 அளவிலிருந்து குறைந்தது 25% குறைக்க வேண்டும் என்ற உத்தரவை 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கேள்வி: அங்கே சொந்த வீடு வாங்கியிருக்கிறோம். கூரையில் சோலார் போடலாமா அண்ணா?

பதில்: போடுங்கள், ஆனால் பழைய கணக்கை நம்பாதீர்கள். மின்கட்டமைப்புக்குக் கொடுத்த யூனிட்டை அதிலிருந்து எடுத்த யூனிட்டில் அப்படியே கழிக்கும் சலுகை 2027 ஜனவரி 1இல் முடிகிறது. வீட்டை மின்சாரத்தில் சூடாக்கும் ஹீட் பம்ப், மின்கார் என்று எல்லாம் ஒன்றாக வந்ததில் மின்கட்டமைப்பும் திணறுகிறது. அதனால் வாஷிங் மெஷினை, சோலார் மின்சாரம் நிறைய வரும் நண்பகலில் ஓட்டுங்கள். பேட்டரியை விலை விசாரித்த பிறகு யோசிக்கலாம்.