தாத்தாவின் பாவு, பேரனின் பாய்

கேள்வி: எங்கள் மகனுக்கு ஏழு வயது. காட்பாடியில் வசிக்கிறோம். ஒன்றாம் வகுப்பு வரை பக்கத்துத் தெருப் பள்ளியில் படித்தவனை, இந்த ஜூனில் மாண்டிசோரி முறையில் நடக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் சேர்த்தோம். ஆறு வயது முதல் ஒன்பது வயது வரை எல்லாரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். பாடவேளை மணி கிடையாது. மதிப்பெண், வீட்டுப்பாடம் எதுவும் கிடையாது. ஒருநாள் முன்கூட்டியே அழைத்துவரப் போனபோது பார்த்தேன். ஒரு பிள்ளை நடந்துகொண்டிருக்கிறது, இன்னொன்று குப்புறப் படுத்து எழுதுகிறது, மிஸ் ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரிடம் மட்டும் மெதுவாகப் பேசுகிறார். ஆனால் வகுப்பு விதிகள் என்று பதினான்கு விதிகள் அச்சிட்ட தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மகன் வீட்டுக்கு வந்ததும் தினம் ஒரு புகார்: அவன் பாயைச் சுருட்டவில்லை, இவள் கேட்காமல் தொட்டாள். வீட்டிலும் தரையில் பாயை விரித்துக்கொண்டு, ‘மிதிக்கக் கூடாது, கேட்காமல் தொடக் கூடாது’ என்று ஆயாவையே (அவன் பாட்டியை) அதட்டுகிறான். குடியாத்தத்தில் நாற்பது வருடம் தறி நெய்த என் மாமனார், ‘பிள்ளைகளைச் சந்தையில் விட்டதுபோல விட்டுவிட்டு, விதி என்ன வேண்டிக்கிடக்கிறது? பழைய பள்ளிக்கே மாற்று’ என்கிறார். அரையாண்டுத் தேர்வோடு மாற்றிவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காட்பாடி

பதில்: அன்புள்ள சகோதரி, கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். முதல் பன்னிரண்டு விதிகளை எழுதியவர் வகுப்பறையில் நின்று பழகியவர். கடைசி இரண்டை எழுதியவர் வேறு யாரோ. அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மாமனாரிடம் நான் பேச வேண்டும். ஐயா, குடியாத்தத்தில் விடியற்காலையில் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல் இழைகளை, நீட்டிக் கஞ்சி போடுவீர்களே, அப்போது தெருப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஓடிப் பிடித்து விளையாடுகிற பிள்ளைகூடப் பாவு வந்ததும் ஒதுங்கிச் சுற்றிப் போகும். ஒருவரும் மிதிக்க மாட்டார்கள். அங்கே அறிவிப்புப் பலகை இருந்ததா? பிரம்போடு யாராவது நின்றார்களா? ஓர் இழை அறுந்தால் அதைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட ஒரு வீடே சேர்ந்து குனிய வேண்டும் என்று அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைக்குத் தெரியும். அவ்வளவுதான்.

உங்கள் பேரன் பாயை மிதிக்காதே என்று சொல்வதும் அதே விதிதான். தாளில் முதல் விதி: பாயில் வேலை நடக்கும்போது சுற்றி நடக்க வேண்டும். அந்த வகுப்பில் பாய் என்பது படுக்கிற பாய் இல்லை. அதை விரித்தால் அந்த இடம் அந்தப் பிள்ளையின் தறிமேடை. ஆயிரம் மணிகள் கோத்த சங்கிலி ஒன்று அந்த வகுப்புகளில் உண்டு. பத்துப் பத்தாகக் கோத்திருக்கும். பிள்ளை அதைத் தரையில் நீட்டி எண்ணத் தொடங்கினால் அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும். பத்துக்கு ஒரு சீட்டு, நூறுக்கு ஒரு சீட்டு என்று வைத்துக்கொண்டே எழுநூற்று முப்பதுவரை வந்தவனின் சீட்டுகளை ஒருவன் காலால் தள்ளிவிட்டால்? பாவு அறுந்த கதைதான்.

மூன்றாவது விதியையும் பாருங்கள்: எடுத்த பொருளை எடுத்த இடத்தில், எடுத்தபடியே, அடுத்தவருக்குத் தயாராக வைக்க வேண்டும். இதில் ‘அடுத்தவருக்கு’ என்ற சொல்லைத்தான் கவனிக்கச் சொல்வேன். அந்த வகுப்புகளில் ஒவ்வொரு கருவியும் பொதுவாக ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நாற்பது பிள்ளைக்கு நாற்பது பெட்டி வாங்கப் பணமில்லாமல் அப்படி வைப்பதில்லை, வேண்டுமென்றே வைக்கிறார்கள். ஒன்றுதான் இருந்தால் காத்திருக்க வேண்டும், கேட்க வேண்டும், சேர்ந்து செய்யலாமா என்று பேச வேண்டும். ஒரு மணி தொலைந்தால் நாளைக்கு இன்னொருவன் கணக்கு தப்பும், யார் தொலைத்தது என்ற கேள்வியும் வரும். பிள்ளைக்கு அந்த விதியின் காரணம் கையில் படுகிறது. காரணம் கையில் படாத விதியை யாரும் வெகுநாள் காப்பாற்றுவதில்லை என்பது வேலூர்க் கோட்டைக்குத் தெரியும். 1806இல் சிப்பாய்களின் தலைப்பாகையையும் தாடியையும் நெற்றிக்குறியையும் பற்றி மேலிருந்து போட்ட உத்தரவுகள் எப்படிக் கலகத்தில் முடிந்தன என்று அகழி ஓரத்தில் நடக்கிற யாரும் சொல்வார்கள்.

தாளில் இன்னும் உள்ளவை: மற்றவர் வேலையைப் பார்க்கலாம், கேட்காமல் தொடக் கூடாது. மிஸ் ஒருவருக்குப் பாடம் காட்டிக்கொண்டிருந்தால் குறுக்கே பேசாமல் தோளில் கைவைத்துக் காத்திருக்க வேண்டும். காட்டித் தராத கருவியை எடுக்கக் கூடாது. அன்றன்று செய்த வேலையை நோட்டில் எழுத வேண்டும். எண்ணிப் பாருங்கள், நம் வழக்கமான வகுப்பைவிட விதி கூடுதலாகத்தான் இருக்கிறது. நம் வகுப்பில் ‘பேசாதே, எழுந்திருக்காதே’ என்ற இரண்டோடு நாள் ஓடிவிடும். நீங்கள் பார்த்த நடமாட்டம் அந்த முறையில் அனுமதித்ததுதான். எந்த வேலை என்று பிள்ளை தேர்ந்தெடுக்கலாம், எங்கே உட்கார்ந்து, யாரோடு, எவ்வளவு நேரம் என்பதும் அவனுடையது. எந்த வேலையும் செய்யாமல் சுற்றுவது மட்டும் கிடையாது. அதைப் பிடிக்கத்தான் அந்த நோட்டு. வாரம் ஒருமுறை மிஸ் அவனோடு தனியே உட்கார்ந்து அதைப் புரட்டுகிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் மாமனார் சொல்லும் சந்தை கொஞ்சம் உண்மைதான். மணி அடிக்காததற்கும் காரணம் உண்டு. காலையில் மூன்று மணி நேரம் தொடர்ச்சியாக விடுவார்கள். மனம் ஊன்றவே ஒரு பிள்ளைக்கு நேரம் பிடிக்கும், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்தால் ஊன்றுகிற நேரத்தில் புத்தகத்தை மூடச் சொல்வோம்.

இதெல்லாம் இத்தாலியிலிருந்து வந்த விநோதம் என்று வீட்டில் சொன்னால், பாதி இங்கே விளைந்தது என்று சொல்லுங்கள். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய முதல் பள்ளி சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கானது. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு ஆசிரியர் பயிற்சி தர வந்தார், வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. போர் மூண்டது. இத்தாலி எதிரி நாடாகிவிட, 1940இல் அவர் மகன் மாரியோவைக் காவலில் வைத்தார்கள், அம்மையார் நடமாட்டத்துக்கும் தடை. அந்த ஆகஸ்டில் அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மகனை விடுவித்தார்கள். பிறகு 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் இருந்தபோதுதான் ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரையான பிள்ளைகளோடு வேலைசெய்து, உங்கள் மகன் இப்போது படிக்கும் கட்டத்துக்கான பாடமுறைக்கு உருவம் கொடுத்தார்.

இந்த வயதைப் பற்றி அவர் கவனித்த ஒன்று, உங்கள் மகனின் தினசரிப் புகாருக்குப் பதில். ஆறு வயதுக்கு மேல் பிள்ளைக்கு நியாயப் பசி எடுக்கிறது. எது சரி, எது தவறு, யாருக்கு எவ்வளவு என்று தராசைத் தூக்கிக்கொண்டே திரியும். ‘அவன் பாயைச் சுருட்டவில்லை’ என்று அவன் சொல்லும்போது அவனைத் தண்டிக்கச் சொல்வதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அவன் கேட்பது, ‘அந்த விதி நிஜமா? எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?’ என்பதுதான். கோள் சொல்லாதே என்று வாயை அடைக்காதீர்கள். நீதிபதியாகவும் உட்காராதீர்கள். ‘சுருட்டாவிட்டால் என்ன ஆகும்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘நடக்கிறவர் தடுக்கி விழுவார்’ என்று அவனே சொன்னால் முடிந்தது. பதில் தெரியாமல் ‘மிஸ் திட்டுவார்’ என்றால், அந்த விதி அந்த வகுப்பில் இன்னும் வேர் பிடிக்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. வேலூருக்கு மேற்கே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் வேலைபார்த்தபோது, 2007-08இல் செயல்வழிக் கற்றல் வந்தது. பெஞ்சுகள் போயின, பாய் வந்தது. சுவரைச் சுற்றிலும் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே பிள்ளைகளின் வேலைகளைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல், தட்டுகளில் பாட அட்டைகள், அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணிப் படத்தைப் பார்த்து அடுத்த அட்டையைத் தானே எடுக்கும் பிள்ளைகள். நான் பழைய ஆள். முதல் வேலையாக இருபது விதிகளை எழுதிக் கம்பிப்பந்தலுக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஒரு மாதத்தில் அட்டைகள் பாதி காணவில்லை, ஒரே அட்டைக்கு இரண்டு பேர் சண்டை, நான் நாள் முழுவதும் பஞ்சாயத்து. கத்திக் கத்தித் தொண்டை போனது. ஒருநாள் குரலே வராமல், வேறு வழியின்றி வட்டமாக உட்காரவைத்து என்ன செய்யலாம் என்று கிசுகிசுத்துக் கேட்டேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ‘எடுத்த அட்டை இருந்த இடத்தில் நம் பெயர் எழுதின சீட்டை வைக்கலாம் டீச்சர்’ என்றாள். பழைய காலண்டர் அட்டையை வெட்டி அன்று மாலையே சீட்டுகள் செய்தார்கள். அந்த வருடம் கடைசிவரை அட்டை தொலையவில்லை. என் இருபது விதிகள் கரப்பான் பூச்சிக்கு வீடாகத் தொங்கிக்கொண்டிருந்தன, கோடை விடுமுறையில் நானே கழற்றினேன்.

ஆகவே பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் பன்னிரண்டையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினீர்களா, அச்சகத்தில் கொடுத்து அடித்துவிட்டீர்களா? நல்ல மாண்டிசோரி வகுப்பில் ஆண்டுத் தொடக்கத்தில் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்துவதிலிருந்து மன்னிப்புக் கேட்பதுவரை செய்து காட்டிப் பழக்குவார்கள். அதற்கும் ஒரு பாடம் உண்டு. பிறகு சிக்கல் வரும்போது பிள்ளைகளே கூடிப் பேசுவார்கள். மாண்டிசோரி என்று பலகையில் எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, அதனால் பலகையை நம்ப வேண்டாம். அனுமதி கேட்டு ஒரு காலை முழுவதும் வகுப்பு மூலையில் பேசாமல் உட்காருங்கள். பத்து நிமிடம் பார்த்தால் சந்தைதான் தெரியும். ஒன்றரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

இப்போது அந்தக் கடைசி இரண்டு. 14: மாதம் முழுவதும் விதி மீறாதவருக்குத் தங்க நட்சத்திரம். இதை யார் சேர்த்தாரோ, அவர் மாண்டிசோரி அம்மையார் சொன்ன ஒரு சம்பவத்தைக் கேட்டதில்லை. அவருடைய பள்ளி ஒன்றில் நல்ல பிள்ளை என்று நாடாவில் பதக்கம் கட்டிய ஒருவன் மும்முரமாக வேலை செய்துகொண்டு அங்குமிங்கும் நடக்கிறான். தண்டனையாக நாற்காலியில் சும்மா உட்காரவைக்கப்பட்ட இன்னொருவன் அருகே அந்தப் பதக்கம் நழுவி விழுகிறது. அவன் எடுத்துக் காட்டினால், வேலை செய்கிறவன் அலட்சியமாக ஒரு பார்வை பார்த்தான். நீயே மாட்டிக்கொள் என்று போய்விட்டான். சும்மா உட்கார்ந்தவன் அதை மாட்டிக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்தான். பதக்கம் யாருக்குத் தேவைப்பட்டது என்று அவர்களே யோசிக்கட்டும். இதற்காகப் பெரிய சண்டை வேண்டாம், ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

13க்குச் சண்டை போடலாம். ‘வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும், மீறினால் ஐந்து ரூபாய்.’ எனக்குக் கோபம் வந்தது. கேட்டுத் தொடு, காத்திரு, மன்னிப்புக் கேள் என்று சொல்லும் அதே தாளில், தாய்மொழியில் மன்னிப்புக் கேட்டால் அபராதமாம். தமிழில் ‘தடுக்கி விழுவார்’ என்று காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை, ஆங்கிலத்தில் வாயைத் திறக்காமல் இருக்கும். வகுப்பு அமைதியாகும், விதி வெறும் தாளாகும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. 29ஆம் பிரிவில் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம், வாயில் தமிழ் வந்ததற்காக எல்லார் முன்னாலும் காசு வாங்குவதை என்னவென்று சொல்வது?

வீட்டு விஷயம் சுருக்கமாக. ஆயாவை அதட்டுவதை விட்டுவைக்காதீர்கள். பாயைச் சுற்றி நடக்கச் சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு, சொல்லும் விதத்தையும் அவன் படித்தாக வேண்டும். ‘ஆயா, சுற்றி வாங்க’ என்று சொல்லப் பழக்குங்கள். ஆயாவுக்கு முட்டிவலி இருந்தால் நடைவழியில் பாய் விரிக்கக் கூடாது என்பது வீட்டு விதி. கேட்காமல் தொடக் கூடாது என்பது அவருடைய வெற்றிலைப் பெட்டிக்கும் தாத்தாவின் மூக்குக் கண்ணாடிக்கும் சேர்த்துத்தான்.

அரையாண்டில் மாற்றாதீர்கள். ஜூனில் சேர்ந்தவன், பாயைச் சுருட்டும் அளவுக்குத்தான் வந்திருக்கிறான். அந்த வகுப்பு மூன்று வருட வகுப்பு. இன்று காத்திருக்கக் கற்பவன், ஒன்பது வயதில் புதிதாக வரும் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாயை எப்படிச் சுருட்டுவது என்று காட்டுவான். அதைப் பார்க்காமல் எடுத்துவிடுவது, பாவு போட்டுவிட்டு நெய்யாமல் அறுப்பது போல. மே மாதம்வரை பாருங்கள். அதற்குள் அந்த நோட்டு பாதிகூட நிரம்பவில்லை, ஒரு விதிக்கும் அவனால் காரணம் சொல்ல முடியவில்லை என்றால், மாமனார் பக்கம் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அதுவரை ஒரு ஞாயிறு, தாத்தாவோடு பேரனைக் குடியாத்தத்துக்கு அனுப்புங்கள். தெருவில் பாவு நீட்டுவது இப்போது அரிதாகிவிட்டது, எந்தத் தெருவில் இன்னும் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்தத் தாளில் 13ஆம் விதியின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் ‘இதற்கு ஒப்பவில்லை’ என்று தமிழில் எழுதி, கீழே கையெழுத்திட்டுக் கொடுங்கள். வாங்க மறுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.