ஃபிரிட்ஜ் திறக்கும் குரங்குக்கு யார் வாத்தியார்?

கேள்வி: மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டு ஸ்லைடிங் ஜன்னலைத் தள்ளித் திறந்து குரங்குகள் ஃபிரிட்ஜ் வரை போய்விடுகின்றன. இப்போது குட்டிகளும் அதையே செய்கின்றன. "அதெல்லாம் ரத்தத்திலேயே ஊறினது" என்கிறார் மாமனார். தாயைப் பார்த்துக் கற்றது என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: ஜன்னல் விஷயத்தில் ஜெயித்தது நீங்கள்தான். நம்ம வீடுகளுக்கு ஸ்லைடிங் ஜன்னல் வந்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது, அதற்குள் அது குரங்கின் மரபணுவில் ஏற வழியே இல்லை.

ஆனால் பொதுவாகக் கேட்டால் சிக்கல். தாயும் குட்டியும் ஒரே காரியத்தைச் செய்தால் அது ரத்தமா பழக்கமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது, பெற்றவளேதானே வளர்க்கிறவளும்? குட்டிகளை மாற்றி வளர்த்துப் பார்க்க வேண்டும். இஸ்ரேலில் ஜோசப் டெர்க்கெல் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். அங்கே பைன் காடுகளில் வாழும் கறுப்பு எலிகள், பைன் காயின் செதில்களை அடியிலிருந்து சுற்றிச் சுற்றி வரிசையாக உரித்து விதையைத் தின்கின்றன. வேறு இடத்து எலியிடம் அதே காயைக் கொடுத்தால் கண்டபடி கடித்துவிட்டுப் பட்டினி கிடக்கும். உரிக்கத் தெரிந்த தாயின் குட்டிகளைத் தெரியாதவளிடம் வளரவிட்டார்கள், அவை கற்கவில்லை. தெரியாதவளின் குட்டிகள் தெரிந்தவளிடம் வளர்ந்தபோது பெரும்பாலும் கற்றுக்கொண்டன. தாய் உட்கார்ந்து பாடமெல்லாம் எடுக்கவில்லை, அவள் பாதி உரித்துப் போட்ட காய் கையில் கிடைப்பதே குட்டிக்குப் பெரிய உதவி. (உங்கள் ஜன்னல் எப்போதும் பாதி திறந்தே கிடக்கிறதா?)

சரி, மாமனாருக்கும் பாதி மார்க் உண்டு. அமெரிக்காவில் சூசன் மினெக்கா, ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பைக் காட்டினார், அவை அலட்டிக்கொள்ளவே இல்லை. காட்டில் பிறந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைச் சில நிமிடங்கள் பார்த்ததும் இவையும் பயப்பட ஆரம்பித்தன. அப்புறம் வீடியோவை வெட்டி ஒட்டி, பூவைப் பார்த்து அலறுவது போலக் காட்டினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை! பயம் பார்த்து வந்ததுதான், ஆனால் எதைச் சட்டென்று கற்பது என்பதில் பிறவியின் கை இருக்கிறது.

புத்திசாலித்தனமே பரம்பரையா என்றால், கலிஃபோர்னியாவில் ராபர்ட் டிரையான் 1940-ல் வெளியிட்ட சோதனையைச் சொல்ல வேண்டும். வளைந்து நெளிந்த பாதையில் வழி கண்டுபிடிக்கும் எலிகளைத் தங்களுக்குள்ளும், தடுமாறுகிறவற்றைத் தங்களுக்குள்ளும் இணைசேர்த்துக்கொண்டே போனார், சில தலைமுறைகளில் இரண்டும் தனித்தனி வம்சமாகப் பிரிந்துவிட்டன. ரத்தம்தான் என்று முடிவுகட்ட வேண்டாம், வேறு மாதிரிச் சோதனைகளில் அந்த 'மக்கு' எலிகள் சளைக்கவில்லை. 1958-ல் கனடாவில் கூப்பரும் ஸூபெக்கும் இப்படிப் பிரித்தெடுத்த எலிகளை விளையாட்டுச் சாமான் நிறைந்த கூண்டில் வளர்த்தபோது மக்கும் கெட்டிக்காரனும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. வெறும் கூண்டில் வளர்ந்தவை இரண்டுமே மக்கு. எனக்கென்னவோ, பிள்ளைகளை ரேங்க் போட்டுப் பிரிக்கிற பள்ளிகள் எல்லாம் படிக்க வேண்டிய சோதனை இது.

உங்கள் விருந்தாளிகளின் சொந்தக்காரர்கள் பந்திப்பூரில் இன்னும் ஒரு படி மேலே போய், சுற்றுலாக்காரர்களைப் பார்த்து மெல்லக் கூவிக் கையை நீட்டுகின்றன. இதை ஆராய்ந்து எழுதியவர்கள் நம்ம பெங்களூர் விஞ்ஞானிகள்தான். நீட்டினால் கொடுக்கிறோம், அதனால் நீட்டுகின்றன. ஜன்னலுக்கு உள்ளே ஒரு கொண்டி போடுங்கள், மொட்டைமாடியில் யாரும் வாழைப்பழம் வைக்க வேண்டாம், மாமனார் உட்பட.