சி.ஆர்.பி. கூடினால் மாரடைப்பு வருமா?

கேள்வி: என் வயது 47. உடல் பரிசோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 112, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கின்றன. ஆனால், 'ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி.' 6.8 என்று சிவப்பில் வந்திருக்கிறது. இது மாரடைப்புக்கு அறிகுறி என்கிறார்கள். பரிசோதனைக்கு முந்தின வாரம்தான் சளிக்காய்ச்சலில் படுத்து எழுந்தேன். ஈறில் அவ்வப்போது ரத்தம் கசியும். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. இந்த அளவைக் குறைக்க என்ன மருந்து சாப்பிடலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். காய்ச்சல் விட்ட கையோடு எடுத்த 6.8-ஐ வைத்து உங்கள் இதயத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரக்கும் புரதம்; உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் அடையாளம். அதை நுட்பமாக அளக்கும் பரிசோதனைதான் 'ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி.'. கிருமி நுழைந்தாலும் காயம் பட்டாலும் 'இன்டர்லூகின்-6' என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் கல்லீரலைத் தூண்டும். சில மணி நேரத்திலேயே அளவு ஏறிவிடும். 1930-ல் இதை முதலில் கண்டுபிடித்ததே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். உடம்பு முழுக்கத் தேறியபின் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, 3-க்கு மேல் என்றால் அதிகம். 10-ஐத் தாண்டினால் இதயத்தைவிட முதலில் தொற்றைத் தேட வேண்டும்.

அழற்சிக்கும் இதய நோய்க்கும் உள்ள உறவு உண்மையானது. எல்.டி.எல். கொழுப்பு தமனிச் சுவருக்குள் புகுந்து தங்கும்போது வெள்ளணுக்கள் அதை விழுங்கி, நுரைபோல உப்பி அங்கேயே கிடக்கின்றன. இன்னும் பல அணுக்களை அழைக்கின்றன. இந்த ஓயாத அழற்சி, கொழுப்புப் படிவின் மேல்மூடியை அரித்து மெலிதாக்குகிறது. அது கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்தால், அதுதான் மாரடைப்பு. 2017-ல் வெளியான 'கான்டோஸ்' ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டோரிடம் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசியைச் சோதித்தார்கள். கொலஸ்ட்ரால் குறையாமலேயே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால், உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. நோய் எதிர்ப்பு சக்தியில் கைவைத்தால் வரும் விலை அது.

இதில் சி.ஆர்.பி.யின் பங்கு என்ன? பிறவியிலேயே மரபணுவால் சி.ஆர்.பி. கூடுதலாக இருப்பவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவதில்லை. நோயைச் செய்வது அதற்கு முந்தைய கண்ணியான இன்டர்லூகின்-6 பாதை. ஆகவே, அந்த எண்ணை இறக்குவதற்கென்று மருந்து தேடாதீர்கள். அழற்சியைத் தணிக்கும் கால்ச்சிசின் என்ற மருந்தின் பெயர் உங்கள் கண்ணில் படலாம். இதய நோய் உள்ளவர்களுக்கு தினம் 0.5 மில்லிகிராம் பலன் தந்ததாக 2019, 2020 ஆய்வுகள் காட்டின. மாரடைப்பு வந்த உடனேயே கொடுத்துப் பார்த்த 2024-ன் பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சில ஆன்டிபயாடிக்குகளோடு சேர்ந்தாலோ அது விஷமாகலாம். நீங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு. தந்தைக்கோ சகோதரனுக்கோ 55-க்கு முன் வந்திருந்தால் அதைத் தனி ஆபத்துக் காரணியாகவே கணக்கில் கொள்கிறோம். சிவப்பு எழுத்தில் அச்சாகாத இந்தத் தகவலை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். பரம்பரையாகக் கூடும் ஒரு கொழுப்பு வகையை அளக்கும் 'லிப்போபுரோட்டீன் (ஏ)' பரிசோதனை, தமனியில் படிந்த கால்சியத்தை அளக்கும் சி.டி. ஸ்கேன் இரண்டும் தேவையா என்று கேளுங்கள். மறு பரிசோதனையிலும் சி.ஆர்.பி. 2-க்கு மேலேயே நின்றால், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பற்றிப் பேச அது நியாயமான காரணம். 2008-ன் 'ஜூபிடர்' ஆய்வில், எல்.டி.எல். 130-க்குக் கீழும் சி.ஆர்.பி. 2-க்கு மேலும் இருந்தவர்களுக்கு ஸ்டாட்டின் கொடுத்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகள் 44 சதவீதம் குறைந்தன.

புகைப்பழக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றே விடுங்கள். வயிற்றுக் கொழுப்பும் அழற்சியைத் தூண்டும். இடுப்பளவு குறைந்தால் சி.ஆர்.பி.யும் இறங்கும். ஈறைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதனால் மாரடைப்பு தடுக்கப்படும் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் ரத்தம் கசியும் ஈறுக்கு வைத்தியம் தேவைதானே!

ஒன்று மட்டும்: நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, மூச்சுத்திணறலோ வந்தால், மறு பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.