எண்ணெய்க் கசிவால் கெட்டுப்போன ஊர்களை மீட்பதில் இளைஞர்களை எப்படிச் சேர்ப்பது?

சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள், துறைமுகத்தில் கப்பல்கள். கசிவு ஏற்பட்டால் திருகோணமலைப் பிள்ளைகளை எதில் இறக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதிதாகக் கசிந்த எண்ணெயை அள்ள மட்டும் விடாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. அந்த வேலையைக் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையும் பயிற்சி பெற்றவர்களும் பார்க்கட்டும்.

கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டும் மூச்சுவேர்களால் காற்று வாங்குகின்றன. எண்ணெய் மூடினால் மூச்சு முட்டிப் பட்டுப்போகும். ஆர்வத்தில் பத்துப் பேர் இறங்கி மிதித்தால் எண்ணெய் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே கசிவு வருமுன்பே, எங்கே வேர், நண்டு, மட்டி எப்படி இருக்கின்றன என்று திகதி போட்டுப் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய நிலை தெரியாமல் நட்டஈடு கேட்பது கஷ்டம். கன்று நடுவதெல்லாம் சேறு தேறிய பிறகு.

அப்புறம் காசு. எண்ணெய்க் கசிவால் பாழான நைஜீரியாவின் ஒகோனிலாந்துப் பகுதி முழுதாக மீள 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2011 அறிக்கை சொன்னது. அவ்வளவு காலம் சிரமதானத்தில் ஓடாது; பயிற்சி, சான்றிதழ், நாட்சம்பளம் வேண்டும். (நம் பக்கம் ரீசேர்ட்டும் பதாகையுமாகப் படம் பிடிப்பதோடு முடிந்துவிடும்!) கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்திலும் இளைஞர்களுக்கு ஒரு கதிரை போடச் சொல்லுங்கள்.