டோரதியின் அசதி – கடிதம்

வணக்கம் சார்,

நகைச்சுவைத் தொடர்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘தி கோல்டன் கேர்ள்ஸ்’ பார்க்க ஆரம்பித்தேன். மயாமியில் ஒரே வீட்டில் நான்கு கிழவிகள். சிரிக்கத்தான் வைக்கிறார்கள், ஆனால் பின்னணிச் சிரிப்பொலி எரிச்சலாக இருக்கிறது. சூசன் ஹாரிஸ் எழுதிய 180 எபிசோடுகளையும் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. சிறந்த பத்தைச் சொல்ல முடியுமா? அம்மாவையும் கூட உட்காரவைத்தேன். பாதியிலேயே எழுந்துபோய்ப் படுத்துவிட்டாள். ஒரு வருஷமாக எதற்கெடுத்தாலும் அசதி என்கிறாள். வயசு.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிரிப்பொலியை விடுங்கள். எதிரில் ஆட்களை உட்காரவைத்து நடித்த தொடர் அது. நாடகத்துக்குப் போனால் பக்கத்து நாற்காலிக்காரர் சிரிப்பதற்கெல்லாம் கோபித்துக்கொள்வீர்களா?

கிழவிகள் என்கிறீர்கள். 1985இல் தொடர் ஆரம்பித்தபோது பிளான்ச்சாக நடித்த ரூ மெக்லனஹனுக்கு வயது 51. அம்மா சோஃபியாவாக வரும் எஸ்டெல் கெட்டி, மகள் டோரதியாக வரும் பீ ஆர்தரைவிட ஒரு வயது சின்னவர். அப்புறம், அந்த 180ஐயும் ஹாரிஸ் எழுதவில்லை. தொடரை உருவாக்கியவர் அவர், முதல் எபிசோடும் அவருடையது. அதன்பின் அவர் எழுதியவை கொஞ்சம்தான், மற்றவை ஒரு பெரிய எழுத்தாளர் கூட்டத்தின் உழைப்பு. எழுதியவர் பெயரைத் திரையிலேயே போடுகிறார்கள். அதைப் படிக்கக்கூடப் பொறுமை இல்லாதவருக்குப் பத்து எபிசோடு எதற்கு? ஒன்று போதும்.

‘சிக் அண்ட் டயர்ட்’. 1989 செப்டம்பரில் இரண்டு பாகமாக வந்தது, எழுதியவர் ஹாரிஸ். டோரதிக்கு மாதக்கணக்காக அசதி. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்த உடம்பில் தெம்பில்லை. போகிற மருத்துவர்கள் எல்லாம் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். நியூயார்க் வரை போய் ஒரு பெரிய நிபுணரைப் பார்த்தாலும் அதே கதைதான். வீட்டில் இருக்கும் மூன்று பேரும் அவள் சொல்வதை நம்புகிறார்கள். ரோஸ் நியூயார்க்குக்கே கூடப் போகிறாள். ஒரு வீட்டில் நான்கு பெண்கள் சேர்ந்து வாழ்வதில் என்ன இருக்கிறது என்றால் எனக்கு இதுதான்: காலையில் சமையலறைக்கு வருகிறவளின் முகத்தை, நேற்று எப்படி இருந்தது என்று தெரிந்த ஒருத்தி பார்க்கிறாள். அந்த ஞாபகம் எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் கிடையாது. (இதற்கு நடுவில் பிளான்ச் நாவல் எழுதப்போகிறேன் என்று நாள்கணக்காகத் தூங்காமல் அலைவாள். எழுதுகிற எவருக்கும் வயிறு வலிக்கும்.)

கடைசியில் ஒரு மருத்துவர் ‘நாள்பட்ட சோர்வு நோய்’ என்று பெயர் சொல்கிறார். அமெரிக்காவில் அந்த நோய்க்கு முறையாகப் பெயர் வைத்தே அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று நால்வரும் ஹோட்டலுக்குப் போய்க் கொண்டாடுகிறார்கள், ஆர். குணமானதற்கு அல்ல, பெயருக்கு. அங்கே அந்த நியூயார்க் நிபுணர் மனைவியோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். டோரதி அவர் மேஜைக்கே போய் நின்று, தன் பேச்சை அவர் காது கொடுத்துக் கேட்கவே இல்லை என்று நிதானமாகச் சொல்கிறாள். அவர் குறுக்கிடப் பார்க்கிறார். ‘வாயை மூடு’ என்று அவர் மனைவியே அடக்குகிறாள். ஹாரிஸ் தன் நோயோடு மருத்துவர்களிடம் அலைந்து பட்டதைத்தான் எழுதினார். அந்தக் காட்சியில் ஒரு வரிகூட ஜோடனை இல்லை.

என் பெரியம்மாவுக்கும் அசதிதான். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அரைமணி ஆகும். நான்தான் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் பெரியம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை, என்னிடம்தான் பேசினார். “வயசாகுதில்ல தம்பி, மனசுல ஏதாவது போட்டுக் குழப்பிக்கிறாங்களா?” நானும் தலையாட்டினேன். தலையாட்டியதோடு நிற்காமல், “ஆமாம் சார், பெரியப்பா போனதிலிருந்தே இப்படித்தான்” என்று எடுத்தும் கொடுத்தேன். பெரியம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷம் கழித்து வேறு எதற்கோ இரத்தம் எடுத்தபோதுதான் தைராய்டு என்று தெரிந்தது. தினம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். “அன்னிக்கே சொன்னேனேடா” என்று ஒரு தடவைகூட அவர் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் கடைசி வார்த்தை ‘வயசு’. அதை எழுதி முற்றுப்புள்ளியும் வைத்திருக்கிறீர்கள். நான் பெரியம்மாவுக்கு வைத்ததும் அதே புள்ளிதான்.

பத்து எபிசோடு பட்டியல் இப்போதைக்கு இல்லை. அம்மாவை எப்போது கூட்டிப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். அங்கே மருத்துவர் உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்டால், பதில் சொல்லாமல் அம்மா பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.