பூட்டிவைத்தால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறிய நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கலவரக் காலத்தில் மக்களுக்குச் சோறும் மருந்தும்தானே தேவை, நூலகம் எதற்கு? அரிய நூல்களைப் பூட்டிவைத்துவிட்டு, நிலைமை சரியாகும்வரை மூடிவிடுவதுதானே பொறுப்பு?

ஒரு நூலகர்

அன்புள்ள நூலகருக்கு,

சோறா புத்தகமா என்பதை விடுங்கள், பசித்தவரும் படிப்பார். பூட்டிவைக்கலாம் என்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாட்களாக இதே நினைப்பில்தான் இருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. எரிக்கவே வருகிறவனைப் பூட்டு என்ன செய்யும்? 2003இல் ஈராக்கின் பாஸ்ரா நகர நூலகர் ஆலியா முகமது பாக்கர், நூல்களை வேறிடத்துக்கு மாற்ற அனுமதி கேட்டார். ஆளுநர் மறுத்தார். ஆலியா தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். சண்டை ஊருக்குள் வந்ததும் அக்கம்பக்கத்தார் சேர்ந்து மதிலுக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி, பக்கத்து உணவகத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். நூலகம் பிறகு எரிந்துபோனது. சுமார் 30,000 நூல்கள் தப்பின.

போரில் சிக்கிய பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோவையும் பாருங்கள். 1992 மே மாதம் எறிகணை விழுந்து அங்கிருந்த கீழைத்தேய ஆய்வு நிறுவனம் எரிந்தது. 5,000க்கும் மேற்பட்ட சுவடிகள் சாம்பல். ஆனால் சில, நகலாகத் திரும்பி வந்தன. போருக்கு முன்பு அங்கே போயிருந்த வெளிநாட்டு ஆய்வாளர்கள் தங்கள் வேலைக்காக எடுத்துவைத்திருந்த ஒளிநகல்களையும் நுண்படங்களையும் தேடித் தேடிச் சேர்த்தார்கள். கேட்டவருக்கு நகல் தர அன்று யாரோ சம்மதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் தொழிலிலோ, நகல் என்று வாயெடுத்தாலே விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். திருட வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஒரே ஒரு பிரதியைப் பீரோவுக்குள் வைத்துக்கொண்டு, காப்பாற்றுகிறோம் என்று நம்புகிறார்கள். கோபம் வருகிறது ஐயா! அந்தப் பீரோ எரிந்தால் எங்கே போய்த் தேடுவார்கள்?

மூடுவது பற்றி ஒன்று மட்டும். 2014இல் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் போலீஸ் ஒரு கறுப்பின இளைஞரைச் சுட்டுக்கொன்றபின் ஊர் கொந்தளித்தது. பள்ளிகள் திறக்கவில்லை, நூலகம் திறந்திருந்தது. ஆசிரியர்கள் பிள்ளைகளை அங்கே உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. புத்தகத்தை நேசிக்கிறவருக்குத்தான் அந்தப் பயம் வரும். நாளைக்கே உங்களிடம் உள்ள அரிய நூல்களின் பட்டியலை எடுங்கள். வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் ஸ்கேன் செய்து, குறைந்தது இரண்டு வேறு ஊர்களுக்கு அனுப்புங்கள். பட்டியலின் பிரதியையும் சேர்த்தே அனுப்புங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.