பதினாறு யூனிட் கூடினால் கரண்ட் பில் எப்படி இரண்டு மடங்காகும்?

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "போன பில் 30 நாளைக்கு 58 யூனிட். இந்தத் தடவை மீற்றர் பார்ப்பவர் பிந்தி வந்தார். 34 நாளைக்கு 74 யூனிட். காசு இரண்டு மடங்குக்கும் மேல். அவர் பிந்தி வந்ததற்கு நாங்களா தெண்டம் கட்டுவது? மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருக்கிறாள். புதிதாக வாங்கியது ஒரு கரண்ட் கேத்தல் மட்டும்தான்."

அம்மா, அவர் பிந்தி வந்ததால் உங்களுக்கு நட்டம் இல்லை. கட்டணப் படிகள் 30 நாளுக்கு வகுக்கப்பட்டவை. நாள் கூடினால் படியும் அதே அளவுக்கு நீளும். 30 நாளுக்கு 60 யூனிட் என்றால் 34 நாளுக்கு 68. சுருக்கமாக, நாளொன்றுக்கு 2 யூனிட். நீங்கள் அந்த 68ஐயும் தாண்டி 6 யூனிட் போய்விட்டீர்கள். அடி விழுந்தது அங்கேதான்.

60க்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு விலைப்பட்டியல், தாண்டிய வீட்டுக்கு வேறொன்று. தாண்டினால் கூடிய 6 யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடும். 2024 ஜூலையில் வந்த கட்டணத்தில் போட்டுப் பாருங்கள். 58 யூனிட்: முதல் 30க்கு 6 ரூபாய் வீதம் 180, மிச்சம் 28க்கு 9 ரூபாய் வீதம் 252, நிலையான கட்டணம் 250, மொத்தம் 682. உங்கள் 74 யூனிட்: முதல் 68க்கு 15 ரூபாய் வீதம் 1,020, மிச்சம் 6க்கு 18 ரூபாய் வீதம் 108, நிலையான கட்டணம் 400, மொத்தம் 1,528. இதற்கு மேல் சமூகப் பாதுகாப்பு வரியும் சேரும். 2025 ஜனவரியில் கட்டணம் குறைந்தது, ஜூனில் திரும்பக் கூடியது. ரூபாய்க் கணக்குத்தான் மாறியது. 60இல் இருக்கும் அந்தச் சுவர் அப்படியே நிற்கிறது. குறைந்த வருமானத்தில் ஐந்தாறு பேர் ஒரே மீற்றரில் வாழும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) குடும்பத்துக்கு இது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம். மகன் கலியாணம் முடித்துப் பக்கத்துக் காம்பிராவில் (லயத்து அறையில்) இருந்து, உங்கள் மீற்றரிலிருந்தே வயர் இழுத்திருந்தால் இரண்டு வீட்டுப் பாவனையும் ஒரே பில்லில் ஏறும். முடிந்தால் தனி மீற்றருக்கு விண்ணப்பியுங்கள்.

இனி அந்தக் கேத்தல். போன முறை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.93 யூனிட், இந்த முறை 2.18. வித்தியாசம் வெறும் கால் யூனிட். எங்கள் மலையில் குழாய்த் தண்ணீர் விறைக்க விறைக்க வரும். அதை ஒரு லீற்றர் கொதிக்க வைக்க ஏறத்தாழ 0.11 யூனிட் வேண்டும். ஆக, நாளுக்கு இரண்டேகால் லீற்றர் சுடுதண்ணீர் உங்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் சுடுதண்ணீரைக் குறைக்கச் சொல்லமாட்டேன். சோற்றை இறக்கியதும் விறகடுப்புத் தணலில் பெரிய பானையை ஏற்றிவிடுங்கள். குளிக்க வார்க்க அது போதும். குடிக்கிற தண்ணீரை மட்டும் கேத்தலில் தேவையான அளவுக்கு வைத்து பிளாஸ்கில் ஊற்றுங்கள். குளியலறை ஹீட்டர் பூட்டும் யோசனை இருந்தால் இதையும் கேளுங்கள்: 3,500 வாட் ஹீட்டரில் நான்கு பேர் பத்துப் பத்து நிமிடம் குளித்தால் மாதத்துக்கு 70 யூனிட் அதற்கே போய்விடும்.

பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மீற்றர் பார்த்த அன்றைய இலக்கத்தைக் கலண்டரில் எழுதி வையுங்கள். கிழமைக்கொரு தடவை பார்த்து, கூடியது 14க்குள் நிற்கிறதா என்று கழித்துப் பாருங்கள். பழைய மீற்றரில் கடைசியாகச் சிவப்பில் ஓடும் இலக்கம் தசமம், அதைச் சேர்க்காதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஒருநாள் எல்லா சுவிட்சையும் நிறுத்தி, செருகியிருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு மீற்றரைப் பாருங்கள். தட்டு சுற்றினாலோ சின்ன விளக்கு தொடர்ந்து மினுங்கினாலோ எங்கோ கசிவு இருக்கிறது. ஈரச் சுவரில் பழைய வயர் ஓடும் லயங்களில் அது உயிருக்கே ஆபத்து. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கசிவும் இல்லை, பில்லில் உள்ள இலக்கமும் மீற்றரோடு ஒத்துவரவில்லை என்றால், மீற்றரைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, பில்லில் உள்ள கணக்கு இலக்கத்தோடு மின்சார முறைப்பாடுகளுக்கான 1987க்கு எடுத்து முறைப்பாட்டைப் பதியச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை அந்தப் பில்லின் பின்புறத்திலேயே எழுதி வையுங்கள்.